ஒரு நிமிசம் ஒருத்தரும் கதையாதேங்கோ

2024 மார்கழி நடுப்பகுதி. ஃபெங்கல் புயல் மழை அடிச்சு ஓய்ஞ்சு ரெண்டு மூண்டு கிழமைதான், யாழ்ப்பாணத்தில மீசாலைப் பக்கம் வயல்கரையெல்லாம் இன்னும் தண்ணி நிண்டது, பேப்பரைத் திறந்தால் எலிக்காய்ச்சல், வட்ஸப்பைத் திறந்தால் எலிக்காய்ச்சல், ஆருக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் வீட்டில மிச்ச ஆக்களுக்கு வயித்தைக் கலக்கின காலம் அது. அந்த நேரம் பாத்து என்ர மகளுக்கும் காய்ச்சல். அவளுக்கு அப்ப 14 மாசம். முதல் நாள் மூக்கால ஓடிச்சுது, ரெண்டாம் நாள் இருமல், மூண்டாம் நாள் விடிய தெர்மோமீற்றர் 102 காட்டிச்சுது. மாமி "உது தடிமன் காய்ச்சல், கற்பூரவள்ளி வாட்டிப் பிழிஞ்சு குடுத்தால் போயிடும்" எண்டா. நான் படிச்ச பிள்ளை எல்லோ, கேப்பனே. தூக்கிக்கொண்டு டவுன் பக்கம் ஒரு பிரைவேட் இடத்துக்கு ஓடினன்.

அங்க நம்பர் எடுத்து ரெண்டரை மணித்தியாலம் இருந்தம். உள்ள போனால் டொக்டர் தலை நிமிரேல்ல, எத்தினை நாள் காய்ச்சல், சத்தி இருக்கோ, இரத்தம் சோதிச்சிட்டு வாங்கோ. சரி எண்டு பிள்ளையைக் கதறக் கதறப் பிடிச்சு இரத்தம் எடுத்து, திரும்பவும் வரிசையில இருந்து, றிப்போட்டைக் காட்டினால் "எலிக்காய்ச்சல் மாதிரியும் இல்லை, டெங்கு மாதிரியும் இல்லை, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லி அஞ்சு போத்தல் சிரப் எழுதித் தந்தார். காய்ச்சலுக்கு ஒண்டு, இருமலுக்கு ஒண்டு, சளிக்கு ஒண்டு, மூக்குக்கு ஒண்டு, கடைசி ஒண்டு விற்றமின். எனக்கு அப்பாடா எண்டு இருந்தது, சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடதாசியைப் பாத்து நானும்தான் சந்தோசப்பட்டனான். பிள்ளையின்ர சட்டையை அங்க ஒருத்தரும் கிளப்பிப் பாக்கேல்ல எண்டது எனக்கு அப்ப மூளையில ஏறவே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் மட்டுவில் சித்தி வந்தா. அம்மாவின்ர கடைசித் தங்கச்சி, வயசு 62, ஒரு பையில முருங்கையிலையும் பேத்திக்கு ஒரு பாவாடைத் துண்டும் கொண்டு வந்தவ. படலைக்குள்ள கால் வைக்கேக்கயே இருமல் சத்தம் கேட்டிருக்கு. விறாந்தையில செருப்பைக் கழட்டின கையோட கிணத்தடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டு வந்து "மடியில வைச்சுக்கொண்டு இரு பிள்ளை, சட்டையைக் கிளப்பு, லைற்றைப் போடு" எண்டா. பிறகு வீட்டில நிண்ட எல்லாரையும் ஒருக்காப் பாத்தா. ரீவியில நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, மாமி எலிக்காய்ச்சல் கதையை முதல்ல இருந்து தொடங்கினா, இவர் போனில ஆரோடயோ.

"ஒரு நிமிசம் ஒருத்தரும் கதையாதேங்கோ."

இந்த வசனத்தை நான் கேட்டு 29 வருசம். அதே குரல், அதே மாதிரி இடது கையை நீட்டி மணிக்கூட்டைப் பிள்ளையின்ர வயித்துக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு, கண் மணிக்கூட்டில பாதி வயித்தில பாதி. சித்தப்பாவின்ர பழைய சீக்கோ. ஆம்பிளையள் கட்டுற மணிக்கூடு எண்டு ஊரே பகிடி பண்ணினாலும் அவ அதைத்தான் கட்டுவா, செக்கன் கம்பி வடிவாத் தெரியும் எண்டு.

முதல் தரம் எண்ணேக்க பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தாள், 56 வந்தது. "இது கணக்கில்லை, அழுற பிள்ளைக்கு எண்ணினால் ஆருக்கும் நியூமோனியாதான்" எண்டு சொல்லிப்போட்டுப் பால் குடுக்கச் சொன்னா. குடிச்சு அப்பிடியே நித்திரையானாள். நித்திரையில எண்ணினா. 48. இன்னொருக்கா எண்ணினா. 49. நான் "சித்தி, 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கலாம் தானே" எண்டு என்ர கெட்டித்தனத்தைக் காட்ட, "நாங்கள் மூச்சு விடுறது மாதிரிச் சின்னனுகள் விடாது, கொஞ்ச நேரம் கெதியா விடும், பிறகு மெல்லமா விடும், நீ எந்த 15 செக்கனை எடுப்பாய்?" எண்டு கேட்டா. எனக்கு மறுமொழி இல்லை.

கணக்கு இதுதான், நான் இப்ப பாடமாக்கி வைச்சிருக்கிறன். ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு நிமிசத்துக்கு 60, ரெண்டு மாசத்தில இருந்து ஒரு வயசு முடியுமட்டும் 50, ஒரு வயசில இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இருமலோட வந்த பிள்ளைக்கு அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நெஞ்சுக்குள்ள சளி இறங்கிட்டுது எண்டு சந்தேகிக்கோணும். என்ர மகளுக்கு 40தான் எல்லை. நித்திரையில, காய்ச்சலுக்கு மருந்து குடுத்து உடம்பு சூடு இறங்கி இருக்கேக்கயே 49.

பிறகு ரோச் லைற்றைப் பிடிச்சு விலாவைப் பாத்தா. மூச்சை உள்ள இழுக்கேக்க நெஞ்சுக்கூட்டின்ர கீழ்ப்பக்கம் உள்ள போகுதோ எண்டு. விலா எலும்புகளுக்கு இடையில தோல் மட்டும் கொஞ்சம் இழுபடுறது வேற, கீழ் நெஞ்சே குழி விழுறது வேற எண்டு விரலால தொட்டுக் காட்டினா. குழி விழேல்ல. பிறகு நாலு கேள்வி. குடிக்கிறாளோ, குடிக்கிறது எல்லாத்தையும் சத்தி எடுக்கிறாளோ, வலிப்பு வந்ததோ, எழுப்ப எழும்பாமல் மயங்கிக் கிடக்கிறாளோ. இதில ஒண்டுக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தால் உடுப்புக்கூட எடுக்க விட்டிருக்க மாட்டா, 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கச் சொல்லியிருப்பா. எல்லாத்துக்கும் இல்லை எண்டபடியால் "அவசரமில்லை, ஆனா விடியட்டும் எண்டும் இருக்காதை, இரவுக்கே கொண்டு போ" எண்டா. அந்த அஞ்சு போத்தலையும் ஒவ்வொண்டா எடுத்து வாசிச்சா. காய்ச்சல் சிரப்பை மட்டும் என்ர கையில தந்தா. மிச்சத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல, மேசையின்ர அந்தத் தொங்கலுக்குத் தள்ளி வைச்சா. அது சொன்னதிலயும் கூட.

ஒழுங்கையில முழங்காலளவு தண்ணி. ஓட்டோக்காரத் தம்பி எஞ்சினுக்குள்ள தண்ணி போகும் எண்டு பயந்து பயந்துதான் வந்தான். ஆஸ்பத்திரியில நெஞ்சு வைச்சுக் கேட்ட டொக்டர் பெட்டை, சின்ன வயசு, நித்திரை முழிச்ச கண், வலப்பக்கம் அடியில சத்தம் கேக்குது எண்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினா. நியூமோனியா. "ஆர் அனுப்பினது?" எண்டு கேட்டா. சித்தி எண்டன். "அவ என்ன, நேர்ஸோ?" ஓமெண்டும் சொல்லேலாமல் இல்லையெண்டும் சொல்லேலாமல் முழிச்சுக்கொண்டு நிண்டன்.

சித்தி என்னவா இருந்தவ எண்டு சொல்ல 1995க்குத்தான் போகோணும்.

அந்த வருசம் ஒக்ரோபர் 30. யுத்தத்தில, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பிச் செம்மணி வழிய நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வந்த கதை எங்கட வயசு ஆக்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திருப்பி எழுதுற எண்ணம் எனக்கில்லை. எனக்கு எட்டு வயசு, தம்பிக்கு 11 மாசம். நாங்கள் கொடுத்து வைச்ச ஆக்கள், மட்டுவிலில சித்தி வீடு இருந்தது. மூண்டு அறை வீடு, முற்றத்தில மாமரம், அதுக்குள்ள நாங்கள், சித்தப்பாவின்ர சொந்தக்காரர், வழியில பாத்துக் கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள் எண்டு முப்பது நாப்பது பேர். ஒரு கக்கூசு, ஒரு கிணறு, விடாத மழை. இதுக்குப் பிறகு என்ன வரும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள்ள சின்னனுகள் எல்லாத்துக்கும் வயித்தோட்டம்.

சித்தி அப்ப சுகாதாரத் தொண்டர். ஏ.எல். சோதினை எடுத்துப்போட்டு வீட்டில இருந்தவ, 90களின்ர தொடக்கத்தில ரெண்டு கிழமைப் பயிற்சி எண்டு ஒண்டு வைச்சவையாம், போய்ப் படிச்சிட்டு வந்தவ. சம்பளம் எண்டில்லை, செலவுக்காசு எண்டு ஏதோ ஒண்டு, அதுவும் மாசம் மாசம் வராது. அவவின்ர பைக்குள்ள என்ன இருந்தது எண்டு எனக்கு இப்பவும் தெரியும், ஏனெண்டால் அதைத் தொட்டு நான் அடி வாங்கினனான். ஜீவனி எண்ட உப்புச்சீனிக் கரைசல் பைக்கற், பனடோல், குளோரோகுயின், வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து, சிரங்குக்குப் பூசுற பென்சைல் பென்சோவேட், பிள்ளையைத் தொங்கவிட்டு நிறுக்கிற கம்பித் தராசு, கையில சுத்தி அளக்கிற கலர் நாடா, ஒரு கொப்பி. அவ்வளவுதான். தராசை மாமரக் கொப்பில கட்டிப்போட்டு, ஒவ்வொரு பிள்ளையா அந்தத் துணிக் காற்சட்டைக்குள்ள விட்டுத் தொங்கப்போட, அதுகள் வீரிட்டுக் கத்த, தாய்மார் சுத்தி நிண்டு சிரிக்க, அந்தக் காலத்தில நாங்கள் சிரிச்ச ஒண்டு ரெண்டு நேரத்தில அதுவும் ஒண்டு.

தம்பிக்கு ஒரு நாளைக்கு பன்னிரண்டு பதின்மூண்டு தரம் போச்சுது. அம்மம்மா ஒரே பிடி, வயித்தோட்டத்துக்குத் தண்ணி குடுத்தால் ஓட்டம் கூடும், பாலையும் நிப்பாட்டு, மாதுளங்கோது அவிச்சுக் குடு எண்டு. அம்மாவும் பயத்தில தாய் சொன்னதைக் கேட்டுப் பாலை நிப்பாட்டிப் போட்டா. ரெண்டாம் நாள் பின்னேரம் சித்தி அகதிப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சுத்திப்போட்டு வந்து பாக்கேக்க அவனுக்கு உச்சிக்குழி தாழ்ந்து, கண் உள்ள போய், அழுதால் கண்ணீர் வரேல்ல. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா. கிள்ளின மடிப்பு மாறாமல் மெல்ல மெல்லத்தான் போச்சுது. எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது, நானும் என்ர கையில கிள்ளிப் பாத்தன், உடன போயிட்டுது, ஏன் தம்பிக்குப் போகேல்ல எண்டு கேட்டன். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல.

ஜீவனி அண்டைக்கு முடிஞ்சு போச்சுது. பள்ளிக்கூடங்களில பிள்ளையள் அவ்வளவு. சித்தி குசினிக்குள்ள போனா. அம்மம்மா பின்னால போய் "எடியே, உனக்கென்ன விசரே, தண்ணியைக் குடுத்துக் கொல்லப்போறியே" எண்டு கத்த, "எணை அம்மா, கீழால போறதும் தண்ணிதானே, போனதை நிரப்பாமல் விட்டால் பிள்ளை வத்திப்போயிடும், ஒருக்கா அங்கால போணை" எண்டு சித்தி கத்த, வீடு இரண்டுபட்டுப் போச்சுது. கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றர், தட்டின தேக்கரண்டியால சீனி ஆறு, உப்பு அரைக்கரண்டி. இதில சித்தி ஒண்டு சொல்லுவா, எனக்கு அது மறக்காது. எங்கட ஊரில "ஒரு போத்தல் தண்ணி" எண்டால் சனம் சாராயப் போத்தலைத்தான் எடுக்கும், அது முக்கால் லீற்றர். அந்தப் போத்தலுக்கு ஒரு லீற்றருக்கான உப்பைப் போட்டால் கரைசல் கடுத்துப்போகும், பிள்ளைக்குக் கூடாது. அதால அவ வீடு வீடாப் போகேக்க முதல் கேக்கிறது "என்ன போத்தல் வைச்சிருக்கிறியள், கொண்டு வாங்கோ பாப்பம்" எண்டுதான். உப்புக் கரைச்சால் முதல் தான் நக்கிப் பாப்பா. கண்ணீரை விட உப்புக் கூடக்கூடாது எண்டு சொல்லுவா.

சீனிதான் பிரச்சினை. பொருளாதாரத் தடைக்கால விலை, அதுக்குள்ள இத்தினை சனம். வீட்டில கிடந்த சீனி முழுக்கத் தம்பிக்குப் போச்சுது, பெரியாக்கள் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிச்சினம். அண்டைக்கிரவு ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில சித்தி கரண்டி கரண்டியாப் பருக்கினா. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. சத்தி எடுத்தால் பத்து நிமிசம் விட்டிட்டுத் திரும்ப முதல்ல இருந்து, இன்னும் மெல்லமா. அம்மாவைப் பேசிப் பேசிப் பாலும் குடுக்க வைச்சா. விடியப்பறம் தம்பி மூத்திரம் போனான். சித்தி அந்த நனைஞ்ச துணியைத் தூக்கி அம்மம்மாவுக்குக் காட்டினது, ஏதோ பரிசுச்சீட்டு விழுந்த மாதிரி, அது என்ர கண்ணுக்குள்ள நிக்குது. அவன் இப்ப கனடாவில லொறி ஓடுறான், ஆறடி.

மகள் சுகமாகின பிறகு, அவள் நித்திரையானாப் போல போனை வைச்சுக்கொண்டு உதுகளைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினன். சித்தி குசினியில செய்த வேலைக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு எண்டது எனக்கு 37 வயசிலதான் தெரிஞ்சது. 1971 இல பங்களாதேஷ் போர் நேரம் எல்லை தாண்டி வந்த அகதியள் மேற்கு வங்காளத்தில பொங்கான் எண்ட இடத்தில நிறைஞ்சு, கொலரா பரவி, ஆஸ்பத்திரி நிலத்தில வாந்திக்கும் பேதிக்கும் நடுவில சனம் செத்துக்கொண்டிருக்கேக்க, நரம்பில ஏத்துற சேலைன் முடிஞ்சு போச்சுது. அங்க நிண்ட திலீப் மஹாலநபிஸ் எண்ட டொக்டர் குளுக்கோஸையும் கறியுப்பையும் சோடாவையும் கலந்து பைக்கற் பண்ணி, தண்ணியில கரைச்சு, சொந்தக்காரரையே குடுக்க வைச்சார். நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் செத்துக்கொண்டிருந்த இடத்தில அது நாலுக்கும் கீழ இறங்கிச்சுது. குடலுக்குள்ள சீனி இருந்தால் அதோட சேர்ந்து உப்பும் உறிஞ்சப்படும், உப்புக்குப் பின்னால தண்ணி போகும், இதுதான் சூத்திரம். 1978 இல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகை இதை இருபதாம் நூற்றாண்டின்ர மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கலாம் எண்டு எழுதினது. அம்மம்மா வாசிக்கேல்ல.

அதிலயும் எனக்குப் பிடிச்சது 1980இல பங்களாதேஷில பிராக் நிறுவனம் தொடங்கின வேலை. பொம்பிளையளைப் பழக்கி, வீடு வீடா அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணி எண்டு தாய்மாரின்ர கையாலயே கலக்க வைச்சுக் காட்டினவை, பத்து வருசத்தில ஒரு கோடிக்கு மேல வீடுகள். சொல்லிக்குடுத்த பெட்டையளுக்குச் சம்பளம் எத்தினை வீடு போனவை எண்டதுக்கு இல்லையாம். பிறகு ஒராள் போய்த் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு எண்டு கேட்டுப் பாத்து, அதுக்கேத்த மாதிரித்தான் காசு. கலக்கின தண்ணியை எடுத்துக்கொண்டு போய் உப்பளவைச் சோதிச்சும் பாத்திருக்கினம். இப்பிடி ஒரு கெட்டித்தனத்தை நான் வேற எங்கயும் கேள்விப்படேல்ல. எங்கட பக்கம் கருத்தரங்கு எண்டால் கையெழுத்து வாங்கி, ரோல்ஸும் நெக்டோவும் குடுத்து, போட்டோ எடுத்துப்போட்டு அனுப்புறதுதானே.

மூச்சு எண்ணுற கதையும் அப்பிடித்தான். 1980களில பப்புவா நியூகினியில ஃபிராங்க் ஷான் எண்ட பிள்ளை வைத்தியர் ஆக்கள், எக்ஸ்ரேயும் இல்லாமல் நெஞ்சு வைச்சுக் கேக்கிற குழாயும் இல்லாமல், வேகமா மூச்சு விடுறதை எண்ணியே நியூமோனியாவைக் கண்டுபிடிக்கலாம் எண்டு காட்டினவை. பிறகு மகாராஷ்டிராவில கட்சிரோலி எண்ட காட்டு மாவட்டத்தில அபய் பங், ராணி பங் எண்ட டொக்டர் தம்பதி, எழுத வாசிக்கவே கஷ்டப்படுற கிராமத்து ஆக்களையும் பிள்ளைப்பேறு பாக்கிற பொம்பிளையளையும் இதுக்குப் பழக்கினவை. ஐம்பது வரைக்கும் எண்ணத் தெரியாத ஆக்களுக்கு என்ன செய்யிறது? ஒரு நிமிச மணல் கடிகாரமும் மணி கோத்த ஒரு சட்டமும் குடுத்தவை. பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்து, மணல் முடியிறதுக்குள்ள சிவப்பு மணிக்கு வந்திட்டால் மருந்து குடு. குடுக்கவும் விட்டவை, அதுதான் விசயம். நியூமோனியாச் சாவு குறைஞ்சதை 1990 இல லான்செட்டில எழுதினவை.

நேபாளத்தில 1988 இல தொடங்கின பெண் தொண்டர்கள், எத்தியோப்பியாவில சம்பளத்துக்கு இருக்கிற கிராமச் சுகாதார ஊழியர், இப்பிடிக் கன நாடுகளில எண்ணிப்போட்டு மருந்தையும் குடுக்கிற உரிமை ஊர் ஆளுக்குக் கிடைச்சது. இப்ப தண்ணியில கரையிற அமொக்ஸிசிலின் குளிசை வருது, ஒரு கரண்டி தண்ணி காணும். வயித்தோட்டத்துக்கு உப்புச்சீனிக் கரைசலோட 10 தொடக்கம் 14 நாள் வரை சிங்க் குளிசை. காய்ச்சலுக்கு விரலில குத்திப் பாக்கிற மலேரியாச் சோதனை. 2012 இல யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து இதைச் செய்யுங்கோ எண்டு அறிக்கையே விட்டவை. 2019 இல மட்டும் அஞ்சு வயசுக்குக் கீழ 7 லட்சத்து 40 ஆயிரம் பிள்ளையள் நியூமோனியாவில செத்தவை எண்டு வாசிக்கேக்க, மடியில படுத்திருந்த என்ர பிள்ளையை ஒருக்காத் தடவிப் பாத்தன், மூச்சு வருதோ எண்டு.

எங்கட நாட்டில உது இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் எண்டு நாங்கள் "மிஸ்" எண்டு கூப்பிடுற ஆள், ஒண்டரை வருசம் படிச்சிட்டு வாறவ, கர்ப்பிணி பாப்பா, நிறுப்பா, ஊசிக்குக் கூப்பிடுவா, பிள்ளையின்ர கிளினிக் கொப்பியில கோடு கீறுவா, திரிபோஷா எண்ட சத்துமா குடுப்பா, அன்ரிபயோட்டிக் குடுக்கேலாது. எனக்குக் கூடப்படிச்ச ஒருத்தி டொக்டர், அவளோட போனில இதுக்குச் சண்டை பிடிச்சன். அவள் சொன்னது, "இங்க சில மைலுக்கு ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை, 2018இல இருந்து வடக்குக்கும் 1990 அம்புலன்ஸ் ஓடுது, எத்தியோப்பியா மலைக் கிராமத்துச் சட்டையை இங்க கொண்டு வந்து ஏன் போடுறாய், ஏற்கெனவே சனம் தடிமனுக்கும் அன்ரிபயோட்டிக் விழுங்குது." நியாயம்தான். 1926 இல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின நாளில இருந்து இந்த மிஸ்மார் நடந்து நடந்துதான், 1945 இல ஆயிரம் பிறப்புக்கு 140 குழந்தை செத்த நாடு இப்ப பத்துக்கும் கீழ நிக்குது. சித்தியின்ர பையில இருந்த குளோரோகுயினுக்கும் இப்ப வேலையில்லை, 2012க்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லை, 2016இல நாட்டுக்குச் சேர்ட்டிபிக்கேற்றும் தந்திட்டினம்.

ஆனா அவளுக்கு நான் சொன்னது, நெடுந்தீவில ஆஸ்பத்திரி இருக்கு, ஓம், ஆனா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்போணும் எண்டால் கடல் விடோணும், மாரிக்காலத்தில கடல் என்ன உன்ர மருமகனே கேட்டவுடன விட? அதைவிட முக்கியம், எனக்கு நடந்தது மருந்தில்லாத பிரச்சினை இல்லை. எனக்கு அஞ்சு போத்தல் மருந்து இருந்தது, இரத்தப் பரிசோதனை இருந்தது, டொக்டரே இருந்தார். எண்ண ஆளில்லை. ஒரு நிமிசம் செலவழிக்க ஒருத்தருக்கும் நேரம் இல்லை.

இதை நான் பெருமையாச் சித்திக்குச் சொன்னன். அவ உடன ஒத்துக்கொள்ளுவா எண்டு பாத்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "மருந்தும் இருந்திருக்கலாம் பிள்ளை" எண்டா. அதே 95, கார்த்திகையோ மார்கழியோ, ஒரு தென்னங்காணிக்குள்ள தறப்பாள் கட்டி இருந்த குடும்பம், ஏழு மாசப் பிள்ளை, எண்ணினால் 64, நெஞ்சு குழி விழுது. எண்ணிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் தொண்டர்மாருக்கு அனுமதி, பைக்குள்ள அதுக்கு மருந்தில்லை. இரவு, மழை, வாகனம் இல்லை, மண்ணெண்ணெயில ஓடுற ஒரு மோட்டச்சைக்கிளும் ஸ்ராட் வரேல்ல. தாயை சைக்கிள் கரியரில ஏத்தி, பிள்ளையைத் தாயின்ர நெஞ்சோட பொலித்தீன் சுத்திக் கட்டி, சித்தி உழக்கிக்கொண்டு போயிருக்கிறா. எங்க போனவ, எத்தினை மணிக்குப் போய்ச் சேந்தவ எண்டு சொன்னா. பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு கேட்டன். "உன்ர மாமி முருங்கையிலையைத் துப்பரவாக்கிப் போட்டாவோ, வாடப்போகுது" எண்டு எழும்பிக் குசினிக்குப் போயிட்டா.

2000இல சண்டையில சாவகச்சேரி அழிஞ்சதோட அந்த வீடும் போச்சுது, பையும் தராசும் கொப்பியும் போச்சுது. திரும்பி வந்த பிறகும் தொண்டர் வேலை செய்தவ, மிஸ்மார் காணாத காலம், ரெண்டு மூண்டு பிரிவுக்கு ஒரு மிஸ், தடுப்பூசி நாளில சனத்தைச் சேர்க்கிறது, கொப்பி எழுதுறது எல்லாம் இவைதான். நிரந்தரம் ஆக்குறம் ஆக்குறம் எண்டு எத்தினை வருசம். பேந்து ஒரு பெரிய கந்தோர் வாசலில தறப்பாள் கட்டி இருந்து போராட்டம், சித்தியும் ரெண்டு கிழமை போய் வெயிலுக்க இருந்தவ. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, அனுபவம் எல்லாம் சரி, வயசு கூடிப்போச்சுது எண்டவையாம். அந்த வயசை அவ எங்க செலவழிச்சவ எண்டு அந்த மேசையில இருந்த ஒருத்தருக்கும் கேக்கத் தோணேல்ல. சேர்ட்டிபிக்கேற் ஒண்டு இருக்கு, லமினேற் பண்ணி அலுமாரிக்குள்ள. பென்சன் இல்லை. தையல் தைக்கிறா, தம்பி கனடாவில இருந்து அனுப்புறான். ஊரில ஆர் வீட்டிலயும் பிள்ளைக்கு இருமல் எண்டால் இப்பவும் கூப்பிடுவினம், ஓட்டோக் காசும் குடாயினம்.

மூண்டாம் நாள் எங்களை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டை விட்டினம், பாணி மருந்தோட. அடுத்த நாள் காலமை பத்து மணிக்குச் சித்தி வந்தா. கிணத்தடி, கைகழுவல், லைற். இந்த முறை மாமி தானே போய் ரீவியை நிப்பாட்டினா. சித்தி என்ர பக்கம் திரும்பி, சீக்கோவைக் கழட்டி என்ர கையில தந்து "நீ எண்ணு" எண்டா. எண்ணினன். பாதியில மகள் என்னைப் பாத்துச் சிரிச்சாள், எண்ணிக்கை விட்டுப்போச்சுது. "திரும்ப." ரெண்டாந்தரம் 34 வந்தது. சித்தி நம்பேல்ல, தானும் ஒருக்கா எண்ணினா. 33.

"மருந்தை இடையில நிப்பாட்டிப் போடாதை, தந்த நாள் முழுக்கக் குடு" எண்டு சொல்லிப்போட்டு விறாந்தைக் கதிரையில சாய்ஞ்சா. மாமி தேத்தண்ணி கொண்டு வந்தா. "அக்கா, எனக்குச் சீனி போட்டிடாதேங்கோ, போன கிழமை கிளினிக்கில 210" எண்டா. மாமி உள்ள போன உடன பைக்குள்ள கையை விட்டு, பேப்பரில சுத்தின பனங்கட்டித் துண்டு ஒண்டை எடுத்துக் கடிச்சா. என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினா, சொல்லிப்போடாதை எண்டு.